பலா மரத்தில் இரண்டு உமல்

போன வருடத்துக்கு முந்திய வருடம், தைப்பொங்கல் கழிந்து நாலைந்து நாள் இருக்கும். சண்டிலிப்பாயில் எங்கள் வளவின் ஆட்டுக்கொட்டிலுக்குள் முழங்காலை மடித்து இருந்தபடி ஒரு மறியாட்டுக்குப் பிள்ளைப்பேறு பார்த்துக்கொண்டிருந்தேன். என்னைப் பற்றி ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பிறகு நடந்தது உங்களுக்கு விளங்காது. எங்கள் ஒழுங்கையில் எந்த வீட்டு ஆடு ஈனச் சிரமப்பட்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். கையில் தேங்காய் எண்ணெய் பூசி உள்ளே விட்டு, குட்டி எப்படிக் கிடக்கிறது என்று தடவிப் பார்த்து, கால் மடங்கியிருந்தால் நிமிர்த்தி மெல்ல இழுத்துவிடுவேன். "அவவின்ரை கை பட்டால் காணும்" என்று சனம் சொல்லும். அதைக் கேட்டால் எனக்கு உச்சி குளிர்ந்துவிடும். ஐம்பத்துநாலு வயதில் என்னை வேறு யார், எதற்காகப் புகழப் போகிறார்கள்?

அன்றைக்கும் கை ராசி பொய்க்கவில்லை. அழகான கிடாய்க்குட்டி, விழுந்த வேகத்திலேயே கத்தியது. மார்கழியில்தான் வன்னியில் இருந்து வாங்கி வந்த ஆடு நாள் வருமுன்னமே இரண்டு குட்டிகளைச் செத்தபடி வீசியிருந்தது. அது கண்ணூறு என்று நானே தீர்ப்புச் சொல்லி வாசலில் மிளகாயும் உப்பும் சுற்றிப் போட்டிருந்தேன். ஆகவே இந்தக் குட்டியின் சத்தம் எனக்குக் கோயில் மணி மாதிரி இருந்தது.

இளங்கொடி, அதுதான் நஞ்சுக்கொடி, விழுந்ததும் அதைப் பனையோலை உமலில் போட்டு, வாயைக் கட்டி, பலா மரத்தின் கிளையில் தொங்கவிட்டேன். பால் வடிகிற மரத்தில் கட்டினால் ஈன்றதுக்குப் பால் வற்றாது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. மாட்டுக்குத்தான் அப்படிக் கட்டுவார்கள். நான் ஆட்டுக்கும் கட்டுவேன், எதையும் ஒருபடி கூடச் செய்கிற பழக்கம் எனக்கு. வன்னி ஆட்டின் கொடியும் ஏற்கனவே அதே கிளையில் காய்ந்துகொண்டிருந்தது. காகங்கள் அந்த உமலின் ஒரு பக்கத்தைக் கொத்திக் கிழித்திருந்தன. பார்த்தேன், பார்த்துவிட்டுச் சும்மா இருந்தேன்.

பலா நிற்பது எங்கள் வேலியோடு. அதன் நிழல் முழுக்க அடுத்த வளவில்தான் விழும். அந்த வளவில் இருப்பவள் என் வீட்டுக்காரரின் கடைசித் தங்கை, என் மச்சாள். முப்பத்தெட்டு வயது. கலியாணம் செய்து ஒன்பது வருடம் பிள்ளை இல்லாமல் இருந்து, எத்தனையோ கோயில், எத்தனையோ வைத்தியம் பார்த்து, அப்போதுதான் ஐந்து மாதம். மத்தியானம் சமையல் முடிந்தால் ஒரு கதிரையைக் கொண்டுவந்து பலாவின் கீழே போட்டு, முதுகுக்குச் சின்னத் தலையணை வைத்து இருப்பாள். அவளுடைய கணவர் மருதனார்மடம் சந்தையில் மரக்கறி விற்றுவிட்டு வரும்வரை அதுதான் அவளுடைய இடம்.

குட்டி பிறந்த புழுகத்தில் நான் கையைச் சாக்கில் துடைத்துக்கொண்டு வேலிப் பொட்டுக்குள்ளால் நேரே அவளிடம் போனேன். அந்தக் கையையே அவளுடைய வயிற்றில் வைத்து, "உனக்கும் இப்பிடி லேசாய்ப் பிறக்க வேணும்" என்று வாழ்த்தினேன். அவளும் என் கையைப் பிடித்து வயிற்றோடு அழுத்திக்கொண்டு சிரித்தாள். இந்தக் காட்சியை இன்றுவரை நான் எத்தனை தரம் நினைத்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

தை மாதக் கடைசியில் என் வீட்டுக்காரருக்குக் காய்ச்சல் வந்தது. அவர்தான் கொட்டிலில் காய்ந்து கிடக்கும் ஆட்டெருவை அள்ளிப் புகையிலைத் தோட்டத்துக்குப் போடுபவர். தலையிடி, உடம்பு முறிவு, கொஞ்சம் இருமல். நாலு நாள் குளிசை போட்டுப் படுத்து எழும்பிவிட்டார். அவர் எழும்ப மச்சாள் படுத்தாள். அவளுக்குக் காய்ச்சல் விடவேயில்லை. டெங்கு என்று நினைத்து ஆஸ்பத்திரியில் மறித்துப் படுக்கவைத்தார்கள். அது இல்லை என்றார்கள். எலிக்காய்ச்சலுக்கும் பார்த்தார்கள், அதுவும் இல்லை. ஒன்பதாம் நாளும் உடம்பு கொதித்தது. வயிற்றில் பிள்ளை இருப்பதால் எந்த மருந்தையும் யோசித்துத்தான் கொடுத்தார்கள். காய்ச்சல் இப்படியே நீடித்தால் பிள்ளை தங்குமோ தெரியாது என்று மச்சாளின் கணவருக்குச் சொல்லியிருந்தார்கள். அவர் அதை எங்களுக்குச் சொல்லும்போது வேலிக் கதியாலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அந்தப் பதற்றத்துக்குள் எங்கள் மூன்றாவது ஆடும் குட்டியை வீசியது. இந்த முறை என் வீட்டுக்காரர் என்னிடம் கேட்காமலே மிருக வைத்தியருக்குத் தொலைபேசி எடுத்துவிட்டார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். என் கையை மீறி இன்னொருவரோ?

வந்தது ஒரு மெலிந்த பெண். முப்பது, முப்பத்திரண்டு வயது இருக்கும். ஸ்கூட்டியில் வந்து படலைக்கு வெளியே நிறுத்தி, முதலில் கால்களுக்கு றப்பர் சப்பாத்துப் போட்டாள், பிறகு முகக்கவசம், அதற்குப் பிறகு கையுறை. 'ஆட்டைப் பார்க்க வந்தவளோ, அணுகுண்டைப் பார்க்க வந்தவளோ' என்று நான் உள்ளுக்குள் சிரித்தேன். அவள் செத்த குட்டியையும் அதன் கொடியையும் பார்த்துப் பையில் போட்டாள், மற்ற ஆடுகளைப் பார்த்தாள், என் வெறுங்கையையும் பார்த்தாள்.

"நீங்களோ அம்மா இழுத்தெடுத்தனீங்கள்? கையுறை ஒண்டும் போடேல்லையோ?"

"முப்பது வருசமாய் இந்தக் கைதான் பிள்ளை. ஒண்டும் நடக்கேல்லை" என்றேன்.

"மற்றக் கொடியளை என்ன செய்தனீங்கள்?"

நான் பலாவை நோக்கி நாடியை உயர்த்திக் காட்டினேன். அவள் நிமிர்ந்து இரண்டு உமல்களையும் பார்த்தாள். பிறகு கண்ணை மெல்லக் கீழே இறக்கினாள். வேலிக்கு அந்தப் பக்கம் கதிரை, அதில் அந்தச் சின்னத் தலையணை.

"வீட்டிலை ஆருக்கும் காய்ச்சல் வந்ததோ? இஞ்சை கிட்டடியிலை பிள்ளைத்தாச்சி ஆரும் இருக்கினமோ?"

அந்தக் கேள்வியில் எனக்கு ஏதோ பொறி தட்டியது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். என்ன குற்றம் என்று தெரியாமலே என் நெஞ்சு குறுகுறுத்தது. "ஆருமில்லை" என்றேன். என் வீட்டுக்காரர் அப்போது தண்ணீர் அள்ளக் கிணற்றடிக்குப் போயிருந்தார், அவர் காதில் விழவில்லை. "அந்தக் கதிரை?" என்று கேட்டாள். "அது சும்மா கிடக்குது" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? ஆடுகளைக் கொண்டுபோய்விடுவார்கள் என்று பயந்தேன் என்று பிறகு எல்லோருக்கும் சொன்னேன். அது பொய். என் கையில் பிழை என்று ஒருவர் சொல்லிவிடக்கூடாது, அவ்வளவுதான். முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைத்தேன்.

அவள் அந்தக் கதிரையை இன்னொருதரம் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்கினாள். ஆடுகளில் இரத்தம் எடுத்தாள். குட்டி வீசிய ஆடுகளைத் தனியே கட்டச் சொன்னாள், பாலை நன்றாகக் கொதிக்க வைக்காமல் ஒருவரும் குடிக்கக்கூடாது என்றாள், கொட்டிலை உலர்ந்தபடி கூட்டவேண்டாம் என்றாள். "அந்த உமலுகளைத் தொடாதேங்கோ, நானே வந்து எடுக்கிறன்" என்றுவிட்டுப் போனாள். போகும் வழியில் ஒழுங்கையில் ஆடு வளர்க்கிற ஒவ்வொரு வீட்டுப் படலையிலும் அவளுடைய ஸ்கூட்டி நின்றது எனக்குக் கேட்டது.

அன்று பின்னேரம் பார்வையாளர் நேரத்துக்கு நான் மச்சாளுக்குக் கஞ்சி கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். வார்டுக்கு வெளியே விறாந்தையில் அதே பெண் நிற்கிறாள்! தலை முழுகி, ஈரம் காயாத கூந்தல், வெளுத்த சட்டை. 'ஒழுங்கையிலே விசாரித்து, குளித்து வெளிக்கிட்டு, என்னைக் காட்டிக்கொடுக்க வந்திருக்கிறாள்' என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சண்டைக்கு வாயைத் திறந்தேன். அவள் கிட்ட வந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னாள்.

"அம்மா, நான் டொக்டரோடை கதைச்சிட்டன். எனக்குத் தெரிஞ்சது பாதிதான். எந்த நாள் எந்த ஆடு ஈண்டது, அவ எவ்வளவு கிட்ட வந்தவ, மிச்சமெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும். நான் சொல்லுறதிலும் பாக்க நீங்கள் சொன்னால் நல்லம். இப்ப வயித்துப் பிள்ளையைக் காப்பாத்த அந்த நாள்கணக்குத்தான் வேணும்."

நான் காலையில் பொய் சொன்னதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கண்ணில்கூட இல்லை. திறந்த வாயை மூடிக்கொண்டு அவளுக்குப் பின்னால் போனேன்.

கட்டிலருகே வார்டு டொக்டர் நின்றார். மச்சாள் வாடிய கீரைத்தண்டு போலக் கிடந்தாள். நான் சொன்னேன். மார்கழியில் வன்னி ஆடு வீசியது, பொங்கலுக்குப் பிறகு கிடாய்க்குட்டி பிறந்தது, பலாவில் கட்டிய உமல்கள், காகம் கிழித்தது, நான் தினமும் கொட்டிலைக் கூட்டும்போது தூசி வேலி தாண்டிப் போவது எல்லாம் சொன்னேன். கடைசியாக, துடைத்த கையோடு போய் அவளுடைய வயிற்றைத் தொட்டதையும் சொன்னேன்.  டொக்டர் விரல்விட்டு நாட்களை எண்ணினார். அந்தப் பெண்ணைப் பார்த்துத் தலையாட்டினார்.

மச்சாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீங்கள் வேணுமெண்டு செய்யேல்லைத்தானே மச்சாள்" என்றாள். "ஆனால் காலமை கேக்கேக்கை ஏன் ஆருமில்லை எண்டு சொன்னனீங்கள்? நான் ஒராளில்லையோ?" என்று கேட்டாள். வேலியோரம் நின்ற யாரோ கேட்டுச் சொன்ன கதை அவளுடைய கணவர் மூலம் கட்டிலுக்கு முன்னமே வந்துவிட்டது போலும். நான் கஞ்சியைக் கட்டிலருகே வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

விறாந்தையில் கிடந்த நீண்ட மர வாங்கில் நான் இருந்து அழ, அந்தப் பெண் பக்கத்தில் இருந்து விளங்கப்படுத்தினாள். கியூ காய்ச்சல் என்று ஒன்று. ஆட்டிலும் மாட்டிலும் இருக்கிற கிருமி. பெரும்பாலும் ஆடு நோயாளி மாதிரியே தெரியாது, குட்டியை வீசும்போதுதான் சந்தேகம் வரும். ஈனும்போது வருகிற நீரிலும் இளங்கொடியிலும் அது நிறைய இருக்கும். காய்ந்து தூளானாலும் இலகுவில் சாகாது. காற்றோடு பறந்து மூச்சுக்குள் போகும். பலருக்குச் சாதாரணக் காய்ச்சலாக வந்து போய்விடும், என் வீட்டுக்காரருக்கும் அப்படித்தான் வந்து போயிருக்கலாம். பிள்ளைத்தாச்சிகளுக்கும் இருதய வால்வில் கோளாறு உள்ளவர்களுக்கும்தான் ஆபத்து அதிகம்.

"இவ்வளவு காலமும் இப்பிடித்தானே செய்தன்" என்றேன்.

"நானும் செய்திருக்கிறன் அம்மா" என்றாள். படிக்கிற காலத்தில், எல்லாம் தெரிந்திருந்தும், அவசரத்தில் கையுறை இல்லாமல் ஓர் ஆட்டுக்குக் குட்டி இழுத்தாளாம். மூன்று கிழமை காய்ச்சலில் கிடந்தாளாம். "புத்தகத்திலை படிச்ச நானே செய்தனான். உங்களுக்கு ஆரும் சொல்லித்தரேல்லை. பால் சுரக்க வேணும் எண்டுதானே கட்டினனீங்கள்? நினைப்பிலை பிழை இல்லை, மரத்திலைதான் பிழை. மண்ணுக்குள்ளை ஆழமாய்த் தாழ்க்க வேணும்."

எனக்கு அவளுடைய காலைத் தொட்டுக் கும்பிடலாம் போல இருந்தது. எனக்கு மகள் என்று சொல்லக்கூடிய வயதுப் பெண். ஊருக்கு முன்னால் என்னைக் கிழித்துத் தோரணம் கட்டியிருக்கலாம், அதற்கு அவளுக்கு எல்லா நியாயமும் இருந்தது. தன் பிழையை எடுத்து என் பிழைக்குப் பக்கத்தில் வைத்து, என்னைத் தனியே நிற்கவிடாமல் பார்த்துக்கொண்டாள்.

இரத்தத்தைக் கொழும்புக்கு அனுப்பினார்கள். முடிவு வரக் காத்திராமல், கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கக்கூடிய மருந்தாகப் பார்த்துத் தொடங்கினார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை, லீவு நாளில், அவள் சொன்னபடியே வந்தாள். உமல்களுக்கு மருந்துத் தண்ணீர் தெளித்து நனைத்து, ஒரு பெரிய பைக்குள் போட்டு இறக்கி, வளவின் மூலையில் இடுப்பளவு கிடங்கில் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தாள். கிடங்கு வெட்டியது என் வீட்டுக்காரர். முகக்கவசத்துக்குள்ளால், "பெற்றோலுக்குக் கியூவிலை நிண்ட காலத்திலை வராத கியூக் காய்ச்சல் இப்ப வந்து சேர்ந்திட்டுது" என்று முணுமுணுத்தார். எத்தனையோ நாளைக்குப் பிறகு அன்றுதான் நாங்கள் சிரித்தோம். கொட்டிலை முழுக்க நனைத்துவிட்டுத்தான் கூட்டவேண்டும் என்று சொல்லி, அவளே விளக்குமாற்றை எடுத்துக் கூட்டிக் காட்டினாள். படித்த பெண், எங்கள் ஆட்டுப் புழுக்கையைக் கூட்டினாள். நான் வாய் பார்த்துக்கொண்டு நின்றேன். "பிள்ளை" என்று கூப்பிட்டுப் பழகிய வாயில் அன்று தானாக "டொக்டர்" என்று வந்தது.

மருந்து தொடங்கிய ஐந்தாம் நாள் மச்சாளுக்குக் காய்ச்சல் இறங்கியது. சில கிழமைகளுக்குப் பிறகு முடிவு வந்தது, அவள் சந்தேகித்தது சரி. ஆடுகளிலும் இருந்தது. காய்ச்சல் போனாலும் பிள்ளைக்கான பயம் போகவில்லை. மச்சாள் மருந்தோடு மருந்தாக மாதங்களை ஓட்டினாள். நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றபடி தினமும் ஒரு கேள்விதான் கேட்பேன்: "இண்டைக்கு அசைஞ்சதோ?" அவள் "ஓம் மச்சாள், உதைக்குது" என்றால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கும். வேலியைத் தாண்ட மட்டும் மனம் வரவில்லை. டொக்டர் பெண் இரண்டு கிழமைக்கு ஒருதரம் ஆட்டைப் பார்க்க வருவாள். ஆட்டைப் பார்க்க முன்னம் வேலிக்கு மேலால் மச்சாளைப் பார்த்து நலம் கேட்பாள். வேலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, ஒருவரும் அவளிடம் கேட்கவுமில்லை.

வைகாசி நடுப்பகுதியில், சொன்ன நாளுக்கு மூன்று கிழமை முந்தி, பெண் குழந்தை பிறந்தது. கொஞ்சம் மெலிவு. ஆனால் அழுகையில் குறைவில்லை, ஒழுங்கை முழுக்கக் கேட்கும்.

முப்பத்தொன்றாம் நாள் துடக்குக் கழித்து எல்லோரையும் அழைத்தார்கள். டொக்டர் பெண்ணுக்கு மச்சாளே தொலைபேசியில் சொன்னாள். நான் காலையில் கொட்டில் பக்கமே போகாமல், தலை முழுகி, கையைச் சவர்க்காரம் போட்டு மூன்று தரம் கழுவி, வாசலில் ஒரு ஓரமாக நின்றேன். மச்சாள் குழந்தையோடு நேரே என்னிடம் வந்தாள். "பிடியுங்கோ" என்றாள். நான் பின்வாங்கினேன். "உங்கடை கைதானே, பிடியுங்கோ" என்று என் கையில் வைத்துவிட்டாள். நான் எவ்வளவு அழுதேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

அந்த நேரம் படலையடியில் ஸ்கூட்டிச் சத்தம். டொக்டர்தான். றப்பர் சப்பாத்து, வேலைச் சட்டை, முழங்கைவரை நனைந்த ஈரம். எல்லோரும் உள்ளே வரச்சொல்லிக் கூப்பிட்டார்கள். மச்சாளின் கணவர் ஓடிப்போய்ப் படலையை அகலத் திறந்தார். அவள் அசையவில்லை.

"காங்கேசன்துறைப் பக்கம் ஒரு ஆடு ஈனுறதுக்குக் கஷ்டப்பட்டுது, அங்கையிருந்து நேரை வாறன். உள்ளை வரேலாது. பிள்ளையை உதிலை நிண்டு காட்டுங்கோ, காணும்."

நான் குழந்தையை எடுத்துக்கொண்டு முற்றத்தால் நடந்தேன். பாதி வழியில், "காணும் அம்மா, கிட்ட வராதேங்கோ" என்று கையை உயர்த்தி மறித்தாள். நான் அந்த இடத்திலேயே நின்று குழந்தையின் முகத்துத் துணியை விலக்கிக் காட்டினேன். அவள் படலைக்கு வெளியே வெயிலில் நின்று எட்டிப் பார்த்தாள். முகக்கவசத்துக்கு மேலே கண் மட்டும் சிரித்தது. "நல்லாய் இருக்கிறா" என்றாள். பலகாரம் கட்டிக் கொடுத்தோம், அதையும் ஸ்கூட்டிக் கூடைக்குள் வைக்கச் சொன்னாள். இரண்டு நிமிடம்கூட நிற்கவில்லை.

அப்போதுதான் எனக்கு ஆஸ்பத்திரி விறாந்தையில் பார்த்த அந்த ஈரக் கூந்தல் ஞாபகம் வந்தது. அன்றைக்கு அவள் அலங்காரத்துக்குத் தலை முழுகவில்லை. எங்கள் கொட்டிலில் இருந்து வீட்டுக்குப் போய், குளித்து, உடுப்பு மாற்றி, அதற்குப் பிறகுதான் ஒரு பிள்ளைத்தாச்சி படுத்திருக்கிற இடத்துக்கு வந்திருக்கிறாள்.

இப்போதும் ஒழுங்கையில் ஆடு ஈனச் சிரமப்பட்டால் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு போகிறேன். "பெரிய டொக்டரம்மா வாறா" என்று பகிடி பண்ணுகிறார்கள், பண்ணட்டும். பலாவில் இப்போது பிஞ்சு மட்டும்தான் தொங்குகிறது. அந்தச் சின்னவள் வேலிப் பொட்டுக்குள்ளால் நுழைந்து ஓடி வந்து என்னைத் தூக்கச் சொல்லிக் கை நீட்டும்போதெல்லாம், பொறு என்று சொல்லி முதலில் கிணற்றடிக்குப் போகிறேன். வாழ்த்த வேண்டும் என்ற அவசரத்தில் கழுவாத கையோடு ஓடிய நான் அவளுக்கு மாமி, அவளைக் காப்பாற்றியும் தொடாமல் படலைக்கு வெளியே வெயிலில் நின்றுவிட்டுப் போன அந்தப் பெண் அவளுக்கு யார் என்று சொல்ல எனக்கு இன்னும் ஓர் உறவுமுறை கிடைக்கவில்லை.